நிலவில் நின்று கிரகணம் பார்த்தால்...

2025 செப்டம்பர் 7ஆம் தேதி, இரவு பதினொரு மணி. தில்லியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பேத்தியுடன் நின்று முழுச் சந்திர கிரகணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, இப்போ நிலாவுல ஒருத்தர் நின்னா அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

"பூமியோட நிழல்தானே விழுது? ஒரே இருட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். 30 ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவன் நான்! படுத்த பிறகுதான் என் பதில் தவறு என்று உறைத்தது.

நமக்குச் சந்திர கிரகணம் என்றால், நிலவில் நிற்பவருக்கு அது சூரிய கிரகணம். நம்மை நோக்கிய பக்கத்தில் நிற்கும் அவருடைய வானில் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும். நாம் காணும் நிலவைவிடச் சுமார் 3.7 மடங்கு அகலமாகத் தெரியும். சூரியன் மெல்ல நகர்ந்து அதன் பின்னால் மறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வெயிலில் கொதித்த தரையின் வெப்பம் நூறு டிகிரிக்கும் மேலாகக் குறைந்துவிடும்.

ஆனாலும் முழு இருட்டு வராது. கரிய பூமியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் ஒளிரும். நம் காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து அனுப்புகிறது; வழியில் நீலம் சிதறிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனை செவ்வானமும் சேர்ந்ததே அவ்வளையம். அந்த ஒளி பட்டுத்தான் நிலவு செம்பு நிறமாகிறது.

இது வெறும் கற்பனையன்று. 1967 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் சர்வேயர் 3 கலம் நிலவின் தரையிலிருந்தே இக்காட்சியைப் படமெடுத்தது. 2025 மார்ச் 14 அன்று புளூ கோஸ்ட் கலமும் எடுத்தது.

காற்றில் தூசு மிகுந்தால் இந்த வளையம் மங்கும். பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை 1991இல் வெடித்தது. அதன் பின் 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவு மிகவும் கறுத்துத் தெரிந்தது.

மறுநாள் காலை மேசை விளக்கையும் பந்தையும் வைத்துப் பேத்திக்கு விளக்கினேன்.

"அப்போ நாமளும் அந்த வளையத்துல இருந்தோமா, தாத்தா?"

"இல்லைம்மா, நமக்கு நடு ராத்திரி. கறுப்பு வட்டத்துக்குள்ள இருந்தோம்."

2028 டிசம்பர் 31 இரவு இந்தியாவில் மீண்டும் முழுச் சந்திர கிரகணம் தெரியும். குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்டால், என்னைப் போல 'இருட்டு' என்று சொல்லிவிடாதீர்கள்!