சூத்திரம் சரி, விடை ஏன் தப்பு?

பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு எண்ணியல் முறைகளை நடத்தப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிழைகளின் வகைகளோடு தொடங்காதீர்கள். கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்த பாடம் திரும்பி வந்துவிட்டதென்று அறையே சோர்ந்துவிடும். பிளஸ் டூ வணிகக் கணிதம் எடுப்பவர்களுக்குத்தான் இது, நமக்கில்லை என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒதுங்கியும்விடுவார்கள். அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்திலிருந்தே தொடங்குங்கள்.

நான் இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வேன். மூலங்களின் கூடுதல் 9000, பெருக்கற்பலன் 1. கடையில் கிடைக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரைக் கையில் கொடுத்து, சூத்திரத்தின்படி சிறிய மூலத்தைக் காணச் சொல்வேன். (செல்போன் வேண்டாம். அது அதிக இலக்கங்களை வைத்துக்கொண்டு, நாம் காட்ட நினைப்பதை மறைத்துவிடும்.) தன்மைகாட்டி 8,09,99,996. அதன் வர்க்கமூலம் 8999.9997 என்று வரும். அதற்கு மேல் இலக்கங்களுக்கு இடமில்லை. 9000-லிருந்து அதைக் கழித்துப் பாதியாக்கினால் 0.00015. உண்மையான மூலமோ ஏறத்தாழ 0.000111. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறு!

"படி எல்லாம் சரிதானே சார்?" என்று கேட்பார்கள். எல்லாப் படியும் சரிதான். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது நம்பகமான இலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது சந்தேகத்துக்குரிய கடைசி இலக்கம் மட்டும். இதை உடனே விளக்கிவிடாமல், அவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு பெரிய மூலத்தைக் காணச் சொல்லுங்கள். அங்கே கூட்டல்தான், ஆபத்தில்லை. பெருக்கற்பலன் 1 என்பதால், 1-ஐப் பெரிய மூலத்தால் வகுத்தால் சிறிய மூலம் துல்லியமாக வந்துவிடும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக நடத்தி வந்த ஓர் உறவு ஒரு கணக்கைக் காப்பாற்றுவதை அப்போதுதான் பலர் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

அடுத்து 2-இன் வர்க்கமூலம். 1 என்று ஊகித்து, 2-ஐ அதனால் வகுத்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பின்னமாகவே செய்யச் சொல்லுங்கள்: 3/2, 17/12, 577/408. கடைசியாக வருவது போதாயனரின் சுல்ப சூத்திரம் தரும் அதே மதிப்பு. சரியான தசம இடங்கள் 2, 5, அடுத்த படியில் 11 என்று கூடும். இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டும் முறையையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டுங்கள். அங்கே பத்து முறை வெட்டினால்தான் இடைவெளி 1024-இல் ஒரு பங்காகும். இது மட்டும் ஏன் இவ்வளவு வேகம் என்ற கேள்வி அவர்களிடமிருந்து வந்த பிறகு தொடுகோட்டை வரையுங்கள். நியூட்டன்-ராப்சன் என்ற பெயர் அதற்கும் பிறகு வரட்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கவலை. 1-இல் தொடங்கிய மாணவியும் 1.4-இல் தொடங்கிய மாணவியும் இரண்டு படிகளுக்குப் பின் வேறுவேறு எண்களில் நிற்பார்கள். இருவரும் செய்தது சரியே. அதனால் வினாவிலேயே "மூன்று தசம இடங்களுக்குச் சரியாக" என்று எழுதிவிடுங்கள். எந்த இரண்டு படிகளை ஒப்பிட்டு நிறுத்தினார்கள் என்பதையும் விடையில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து மதிப்பெண் வினாவில் இரண்டை அதற்கே ஒதுக்கலாம்.