பழைய சதத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கொத்மலைப் பக்கத்து லயக் காம்பராக்களில் இன்னும் தகரப்பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியின் அடியில் அப்பாயியின் சுருக்குப்பை, அதற்குள் காய்ந்த பாக்கோடு நாலைந்து செப்புக்காசு. அதைக் கண்டதும் நம் கை புளியைத்தான் தேடும்.

முதல் வேலை, கையைக் கட்டிக்கொள்வது. காசின் மேல் இருக்கும் பழுப்பு, செம்பு நூறு வருடமாகத் தானே போர்த்திக்கொண்ட தோல். புளி அதை உரித்துவிடும். காசு பளபளக்கும், சேகரிப்பவரோ பார்த்தவுடன் கீழே வைத்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றியெடுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

அடுத்து, சாய்வான வெளிச்சத்தில் ஆண்டைப் பாருங்கள். இலங்கையின் முதல் செப்புச் சதங்களில் 1870 என்று இருக்கும். ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் ஒரு மரம், அதன் இருபுறமும் சிங்களமும் தமிழும். ராணியின் தலைமயிர் இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு. மொழுக்கென்று தேய்ந்திருந்தால் மதிப்பு வெகுவாகக் குறையும். அதற்கு முன் இங்கே பென்ஸ் கணக்கு. ஒரு பெனியில் பதினாறில் ஒரு பங்கான கால் ஃபார்திங்கை இலங்கைக்கென்றே 1839இலும், பிறகு 1851 முதல் 1853 வரையும் இங்கிலாந்தில் அடித்தார்கள். சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும், எறிந்துவிடாதீர்கள்.

பழையது எல்லாம் அரியது என்று நம்பிவிட வேண்டாம். பிரிட்டனின் 1933ஆம் ஆண்டுப் பெனி ஏழு அளவில்தான் இருப்பதாகத் தெரிகிறது, அதனால்தான் அதற்கு அந்த விலை. அதைவிட ஆயிரத்தைந்நூறு வருடம் மூத்த ரோமச் செப்புக்காசுகள் இலங்கை மண்ணிலேயே குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆறாம் ஜோர்ஜ் தலை போட்ட, யுத்தகாலத்து மெல்லிய சதங்களும் ஏராளம்.

காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். செம்பு ஒட்டாது, ஒட்டினால் போலி. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்த்த காசு.

கான் வெட்டும்போது மண்ணிலிருந்து காசு வந்தால் சட்டம் வேறு. 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

விற்பதென்றால் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று சேகரிப்பாளரிடம் காட்டி, அதே காசு கடைசியாக எவ்வளவுக்கு விலைபோனது என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று தொலைபேசியில் சொல்பவர் திருடர். வைத்திருப்பதென்றால் ஒவ்வொன்றையும் தனிக் கடதாசி உறையில் போட்டு, அடுப்புப் புகையும் மலை ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

அதே பையில் எழுத்தும் எண்ணும் குத்திய தகரத் துண்டு ஒன்றும் கிடக்கலாம். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களிடம் கொடுத்தது அது. எழுத்து மாவட்டத்தையும் எண் தோட்டத்தையும் சொல்லும். நம் குடும்பம் வந்த வழிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுவாகவே இருக்கலாம். காசை விற்றாலும் அதை விற்காதீர்கள்.