கோட்டுக்கு மேலே

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் வள மையத்துச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு ஓடியது. 2023 மே மாதக் கடைசியில் அந்தக் கோட்டின்மேல் வெளிர் மஞ்சள் சாயத்தை இரண்டு முறை பூசி மறைத்தவள் நான். அதே ஆண்டு நவம்பரில், ஒரே மாலை மழையில், நாங்கள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோய் அடுக்கிய புத்தகங்களில் 380 நனைந்து ஊறிப் போயின. தொண்டூழியப் பயணத்துக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். இந்த ஒரு கோட்டைப் பற்றித்தான் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

மற்ற வேலைகளை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நிதி திரட்டுவது, காப்புறுதி, உட்லண்ட்ஸ் வழியாகப் பேருந்து, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் எந்தக் குழுவும் செய்வதுதான். வெளியார் பள்ளிக்குள் வந்து வேலை செய்ய மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அதைத் தலைமையாசிரியர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். பகுதி உதவி பெறும் பள்ளியாக இருந்தால் நிலமும் கட்டடமும் அரசாங்கத்துடையவையாக இல்லாமல் இருக்கலாம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன் பள்ளி வாரியத் தலைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நாங்கள் 14 பேர். 12 நாள். ஏன் கிள்ளான் என்று எங்கள் பல்கலைக்கழகத்திலேயே பலர் கேட்டார்கள். மற்ற குழுக்கள் கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் போயின. மலேசியா என்றால் வார இறுதியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற இடம்தானே என்று ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அப்படி வைத்த பள்ளிகள் பலவும் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமாகத்தான் நடந்தன. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இத்தனைக்கும் பிறகு மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. சிங்கப்பூரில் கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. கிள்ளானுக்குப் போனது சரியான முடிவு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

முதல் வாரம் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அறையைக் காலி செய்து, சாயம் பூசி, அலமாரி மாட்டிவிட்டு, இரண்டாம் வாரம் அவர்கள் வந்ததும் வாசிப்பு நடவடிக்கைகள் தொடங்குவதாகத் திட்டம். மூன்றாம் நாள் காலை சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பள்ளித் தோட்டக்காரர் தண்ணீர் வாளியோடு வாசலில் வந்து நின்றார். அறுபதை நெருங்கியவர். காலை ஆறு மணிக்கு வாயிற்கதவைத் திறப்பவர், பிற்பகல் வகுப்புகள் முடிந்து பூட்டுபவரும் அவரே. பழுப்புக் கோட்டைக் காட்டி, “கோட்டுக்கு மேலயே வச்சுக்கும்மா” என்றார்.

சாயம் பூசுகிறவர்கள் வாயில் கோட்டு என்றால் ஒரு பூச்சு. காலையிலிருந்து நாங்களும் ஒரு கோட்டு போதுமா, ரெண்டு கோட்டா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். கறை தெரியாதபடி ஒரு கோட்டுக்கு மேல் அடிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “ரெண்டு கோட்டு அடிச்சிடுறோம் அங்கிள், தெரியவே தெரியாது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் படித்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், தலைமையாசிரியரே எங்களுக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுக்கிறார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் 18.12.2021 என்று எழுதியிருந்தது. அந்தத் தேதியை நான் வாசித்தேன். வாசித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்ற படங்களை நானும் என் கைப்பேசியில் பார்த்தவள்தான். அங்கிருந்து இந்தப் பள்ளி எத்தனை தூரம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. கிள்ளான் தாழ்வான மண். போர்ட் கிள்ளானில் கடற்பெருக்கு ஐந்து மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டால் வாய்க்கால் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்க வழியில்லாமல் தாமான்களுக்குள் திரும்புகிறது. முன்பு தோட்டமாக இருந்து தண்ணீரை உறிஞ்சிய நிலத்தில் இப்போது வீடுகளும் கிடங்குகளும். இதெல்லாம் அந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

மேலும் ஒரு காரியம் செய்தேன். அலமாரியின் கீழ்த் தட்டுகள் இரண்டையும் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினேன். சின்னக் கைக்கு எட்ட வேண்டும் என்பது என் யோசனை. எல்லாரும் பாராட்டிய யோசனை. படப் புத்தகங்கள், பெரிய எழுத்துக் கதைகள், விலை அதிகமானவை எல்லாம் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருந்தன. அலமாரியோ மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி உப்பும்.

நவம்பரில் தண்ணீர் முழங்கால்வரைகூட வரவில்லை. ஒரு சாண்தான் வந்ததாம். இரவோடு இரவாக வடிந்தும் விட்டதாம். ஆனால் கீழ்த் தட்டுகளுக்கு அது போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அக்கா எனக்குப் படம் அனுப்பியது மூன்று வாரம் கழித்து. எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று யாரும் சொல்லத் துணியவில்லையாம். உலர்த்துவதற்காகக் கூடைப்பந்துத் திடலில் புத்தகங்களை வரிசையாக விரித்து வைத்திருந்தார்கள். ஒட்டிப்போன பக்கங்களை இரண்டு சிறுமிகள் நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை இன்னும் நான் அழிக்கவில்லை.

இனி ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் இருவர் போய் இடத்தைப் பார்த்து வர 420 வெள்ளி கேட்டு எழுதியிருந்தேன். பள்ளி அனுப்பிய படங்களே போதும் என்று எங்கள் ஆலோசகர் அதை வெட்டினார். வெள்ளத்துக்குப் பிறகு அவரே, இடத்தை நேரில் பார்க்காமல் திட்டமிட்டது குழுத் தலைவியான என் குறை என்று அறிக்கையில் எழுதினார். முன்னும் பின்னுமாக இரண்டு படம் வேண்டும், சுவர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தினமும் செய்தி அனுப்பியவரும் அவர்தான். உங்கள் திட்டத்தில் முன்பயணச் செலவை யாராவது வெட்டினால் பயணத்தையே ஒத்திப்போடுங்கள். நான் அப்படிச் செய்திருக்க வேண்டும். ஆனாலும் அதைச் சொல்லி என்னால் முழுவதும் தப்பிக்க முடியாது. கோடு என் கண் முன்னால் இருந்தது. எழுதிய தேதி இருந்தது. சொன்ன மனிதரும் பக்கத்தில் நின்றார்.

ஆகவே போன முதல் நாளே பள்ளியின் சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆளோடு ஒரு முழு நாள் சுற்றுங்கள். எந்தச் சன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது, எந்த மூலையில் கரையான் இருக்கிறது, பிற்பகலில் அந்த அறையை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மீதியைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் எதுவும் எழுதியிருந்தால், கிறுக்கலாகவே இருந்தாலும், ஏன் என்று கேட்காமல் தூரிகையை எடுக்காதீர்கள்.

தங்குமிடம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பக்கத்தில் தங்கினோம். சாப்பாடு சுலபம், கேஎல் சென்ட்ரல் நடக்கும் தூரம். ஆனால் அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், அதன்பின் கிராப் வண்டி. தினமும் மூன்று மணி நேரம் வழியிலேயே போனது. மாலை ஐந்துக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். பள்ளியைச் சுற்றி இருக்கிற குடும்பங்கள் வேலை முடிந்து வீடு வருவதே ஆறு மணிக்குப் பிறகு. அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து தேநீர் குடித்திருந்தால் 2021 வெள்ளத்தைப் பற்றி ஒருவராவது பேசியிருப்பார். உங்களுக்கும் கிள்ளானில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுங்கள். என் சித்தப்பா கூப்பிட்டார். குழுவைப் பிரிக்கக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே கணிதமும் அறிவியலும் தமிழில் நடக்கின்றன. நமக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் ஒளிச்சேர்க்கையைப் படம் போட்டு எனக்கு விளக்கினான். பச்சையம் என்ற சொல்லை அன்றுதான் நான் வாயால் சொன்னேன். எங்கள் குழுவில் இரண்டு பேர் அவனிடமிருந்து குறிப்பெடுத்தார்கள். நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்த வாசிப்பு நடவடிக்கைகளில் பாதியை அன்றிரவே தூக்கிப் போட்டுவிட்டு, அவர்களைப் பேசவிட்டோம். அந்த இரண்டாம் வாரம் நன்றாக நடந்தது. அதை யாரும் அறிக்கையில் எழுதவில்லை.

நன்கொடை கொடுத்த ஒருவர் தன் பெயரை வாசலுக்கு மேலே பெரிய பலகையில் எழுதச் சொன்னார். மறுத்தேன். பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்காக என்னைக் குறை சொன்னவர்கள் இன்னும் குறை சொல்கிறார்கள். பிள்ளைகள் தினமும் தலை நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் யாரோ ஒரு செல்வந்தரின் பெயர் வேண்டாம் என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில் நான் தனியாகப் போனேன். இந்த முறை சித்தப்பா வீட்டில் தங்கினேன். கூட வந்தது அவரும் அவருக்குத் தெரிந்த ஒரு தச்சரும். பழைய அலமாரிகளைக் கழற்றிவிட்டு, இரும்புத் தாங்கிகளில் கெட்டிப் பலகை வைப்பதாக ஏற்பாடு. எந்த உயரத்தில் வைப்பது என்று தச்சர் கேட்டார். சுவர் முழுக்க மஞ்சள். நான் தோட்டக்கார அங்கிளைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நான்தான் வெளங்குற மாதிரி சொல்லலம்மா” என்றார். அது உண்மையில்லை.

அறைக்குள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார். கால்சட்டையை மடித்து முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டார். பிறகு யோசித்து, விரலை இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினார். அன்று ரப்பர் சப்பாத்து போட்டிருந்தாராம், அதன் உயரத்தையும் சேர்க்க வேண்டுமாம். அழியாத மையில் அவரே கோடு போட்டார், தேதியையும் எழுதினார். அதற்கு ஒரு சாண் கீழே நவம்பர் தண்ணீருக்கும் சின்னதாக ஒரு கோடு. முதல் தட்டை மேல்கோட்டுக்கும் ஒரு முழம் உயரே மாட்டினோம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இப்போது மேல்தட்டுகள் எட்டவில்லை. தச்சரிடம் சொல்லி இரண்டு படி வைத்த மரப்பலகை ஒன்று செய்தோம். 120 ரிங்கிட். அதற்கு யாரிடமும் நிதி கேட்கவில்லை.