முதலில் தண்ணீர், பிறகு மீன்: இரத்தோட்டை வீடுகளுக்கான மீன்தொட்டிக் குறிப்புகள்

கப்பி, ஏஞ்சல், டைகர் பார்ப் மூன்றையும் ஒரே நாளில் வாங்கி ஒரே தொட்டியில் விட்டுப் பாருங்கள். சில நாட்களிலேயே கப்பியின் வால் கிழிந்திருக்கும். ஏஞ்சலின் நீண்ட செட்டைகள் குட்டையாகியிருக்கும். மாதங்கள் போக, வளர்ந்துவிட்ட ஏஞ்சல் மிஞ்சிய சிறு மீன்களை விழுங்கத் தொடங்கும். எந்த மீனிலும் குற்றமில்லை, சேர்த்த விதம்தான் பிழை. பலவகை மீன்கள் ஒன்றாக வாழும் தொட்டியை அமைக்க விரும்புவோர் கடைக்குப் போவதற்கு முன் இவற்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து பாறை வழியே இறங்கிவரும் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. கிணற்றுத் தண்ணீர் அப்படி இருக்க வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்தில் சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்கள் உண்டு, அங்கே ஊறும் தண்ணீரில் கடினத்தன்மை கூடும். இதைக் கண்டறிய ஒரு போத்தலில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். உடனே நுரை பொங்கினால் மென்னீர். நுரை வராமல் வெண்படலம் மிதந்தால் கடின நீர். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தாலும் அதே முடிவுதான்.

2. தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுங்கள். மென்னீருக்கு நியோன் டெட்ரா, ஹார்லிகுவின் ரஸ்போரா, செரி பார்ப், அடியில் மேயும் கோரிடோராஸ் ஆகியவை பொருந்தும். கடின நீருக்கு கப்பி, மொலி, பிளாட்டி, சுவோட்டெயில் போன்ற குட்டி போடும் மீன்கள் நல்லவை. பண்ணையில் பிறந்த மீன்கள் ஓரளவு சமாளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பீலித் தண்ணீரில் விட்ட மொலி செட்டையை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், அதை நோய் என்று மருந்து ஊற்ற வேண்டாம். தண்ணீரில் தாதுச்சத்து போதாமை அதற்கு ஒரு முக்கிய காரணம். பில்டருக்குள் ஒரு பிடி சிப்பி ஓட்டுத் துண்டுகளைப் போட்டுவைத்தால் கடினத்தன்மை மெல்ல ஏறும்.

3. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே தொட்டிக்கு ஊற்றுங்கள்.

4. குளிரைக் கணக்கில் எடுங்கள். கொழும்பில் சொல்லும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. ரிவஸ்டன் பாதையில் மேலே ஏற ஏறத் தோட்டங்களில் இரவுக் குளிர் கூடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மார்கழி, தை மாதங்களில் தொட்டித் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். டெட்ரா, கப்பி, ஏஞ்சல் எல்லாம் 24 முதல் 28 பாகை செல்சியஸ் சூட்டை விரும்புபவை. குளிர் தாக்கினால் உடலெங்கும் உப்புத் தூவியது போல வெண்புள்ளி நோய் வரக்கூடும். 50 லீற்றர் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டர் போதும். ஹீட்டர் வைக்க வசதியில்லையா? கோல்ட் பிஷ்ஷைத் தனியாக வளருங்கள், அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும். கோல்ட் பிஷ்ஷையும் டெட்ராவையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று எப்போதும் துன்பப்படும். கோல்ட் பிஷ் கழிவும் அதிகம், வளரும் அளவும் அதிகம்.

5. நம் நாட்டு மீன்களுக்கு முதலிடம் கொடுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். உலகெங்கும் மீன்தொட்டி வளர்ப்போர் விரும்பும் செரி பார்ப் இலங்கைக்கே உரியது. 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பே, 1868இல், குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்த பிளாக் ரூபி பார்ப்பும் நம் நாட்டுக்கே உரியதுதான். சிங்களத்தில் முன்னதை லே தித்தயா என்றும், பின்னதை புலத் ஹபயா என்றும் சொல்வார்கள். களனி முதல் நில்வளா வரையான தென்மேற்கு ஆற்றுப் படுகைகளில், மர நிழல் விழும் ஓடைகளே இரண்டுக்கும் தாயகம். செரி பார்ப் 5 சென்ரிமீற்றர் அளவோடு நின்றுவிடும், யாரையும் சீண்டாது. பிளாக் ரூபி அதைவிடச் சற்றுப் பெரியது, சற்றுக் குளிர்ந்த தண்ணீரையும் தாங்கும். ஆகவே இரத்தோட்டைக்கு இதைவிடப் பொருத்தமான மீனைச் சொல்வது கடினம். ஆண் மீனுக்குக் காதல் பருவம் வந்ததும் உடல் கரும்பட்டாகி முகம் சிவக்கும் அழகைக் கண்டவர்கள் வெளிநாட்டு மீனைத் தேடமாட்டார்கள். செடி அடர்த்தியாக, வெளிச்சம் மங்கலாக இருந்தால் நிறம் இன்னும் கூடும். ஓடையில் பிடித்ததை விட்டுவிட்டு, பண்ணையில் இனப்பெருக்கம் செய்ததையே கேட்டு வாங்குங்கள்.

6. பக்கத்து ஆற்றில் வலை போடாதீர்கள். ரிவஸ்டன் தாண்டி இலுக்கும்புர, பல்லேகம பக்கம் இறங்கினால் வரும் களு கங்கையும் அதன் கிளைகளும் வேறெங்கும் கிடைக்காத மீன்களின் வீடு. இரத்தினபுரி வழியாக ஓடும் களு கங்கை வேறு, லக்கலையில் ஓடி அம்பன் கங்கையில் சேரும் இது வேறு. செட்டையில் இழை நீளும் டோகின்சியா ஸ்ரீலங்கென்சிஸ் 1985இல்தான் விவரிக்கப்பட்டது. மார்ட்டென்ஸ்டைன் பார்ப் 1991இல். இவை வாழும் பரப்பு மிகச் சிறியது, அதனால் ஒவ்வொரு மீனும் கணக்குக்குரியது. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட வனம், 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி. அந்த மீன்களை ஓடையிலேயே பார்த்து மகிழுங்கள்.

7. யார் யாருக்கு எதிரி என்று தெரிந்துகொள்ளுங்கள். டைகர் பார்ப் நீண்ட செட்டையைக் கண்டால் கடிக்கும், அதை ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் இருக்கும் தொட்டியில் விடவே கூடாது. 8க்கு மேல் கூட்டமாக வைத்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், மற்ற மீன்கள் ஓரளவு தப்பும். ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். கப்பியின் வண்ண வாலை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கவும் கூடும். பொதுவாக, ஒரு மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய இன்னொரு மீன் அதற்கு இரைதான்.

8. குஞ்சின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒஸ்கார் 30 சென்ரிமீற்றர் வளரும். பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் அதையும் தாண்டும். பசித்தால் கோல்ட் பிஷ்ஷின் உடலில் ஒட்டி அதன் வழுவழுப்பையே உறிஞ்சும்.

9. கூட்டமீனை ஒற்றையாக வாங்காதீர்கள். டெட்ரா, ரஸ்போரா, பார்ப், கோரிடோராஸ் எல்லாம் குறைந்தது 6 இருந்தால்தான் பயமின்றி நீந்தும். கப்பியில் ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்று வையுங்கள், இல்லையேல் பெண் மீன் துரத்தப்பட்டே களைத்துப்போகும். குட்டிகள் வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள்.

10. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 56 லீற்றர். கல்லும் செடியும் போக 45 லீற்றர் அளவு மிஞ்சும். மென்னீர் வீட்டில் அதற்கு 8 செரி பார்ப்பும் 6 சிறிய கோரிடோராஸும் போதும், நடுவில் ஒரு வகை, அடியில் ஒரு வகை. கடின நீர் வீட்டில் 6 ஆண் கப்பியும் 4 பிளாட்டியும். இடம் காலியாகத் தெரிகிறதே என்று மேலும் சேர்க்க வேண்டாம்.

11. தொட்டியை நிரப்பிய அன்றே எல்லா மீனையும் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் பில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் எடுக்கும். ஏற்கெனவே ஓடும் நல்ல தொட்டியின் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் அது விரைவாகும். முதலில் சில மீன்கள், பக்டீரியாக்கள் குடியேறிய பிறகு மீதி. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயில் பிடித்தால் அந்தப் பக்டீரியாக்கள் செத்துவிடும்.

12. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே இரை போடுங்கள்.

13. புதிய மீனை வேறொரு பாத்திரத்தில் 2 அல்லது 3 வாரம் தனியே வைத்துப் பாருங்கள். எந்தத் தண்ணீரில் விடும்போதும், மீன் உள்ள பையை அதில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

14. வேண்டாத மீனைச் சுது கங்கையிலோ தோட்டத்து ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். அலங்கார மீனாக வந்த கத்தி மீன் இன்று மேல் மாகாணத்து நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களைத் தின்கிறது. சக்கர் மீனும் வெளியே பரவிவிட்டது. சுது கங்கையில் விட்டது அம்பன் கங்கைக்குப் போகும், அங்கிருந்து மகாவலிக்கும் போகும். வளர்க்க முடியாமல் போனால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.