மென்பந்துச் சுற்றுப்போட்டியும் ஒரு வியாபாரம்தான்

பெருநாள் நெருங்கினால் கடை வாசலுக்கு நாலு பிள்ளைகள் வருவார்கள். கையில் கழகத்தின் முத்திரை குத்திய ஒரு கடிதம். "நானா, சுற்றுப்போட்டி ஒன்று வைக்கிறோம், ஏதாவது அனுசரணை தாங்க" என்பார்கள். நாமும் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து அனுப்பிவிட்டு அதை மறந்துவிடுகிறோம். அந்தக் காசு என்ன ஆனது என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

இதையே கணக்கோடு நடத்தினால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நியாயமான இலாபம் தரும் தொழிலாக்கலாம். பெரிய முதல் தேவையில்லை. தேவைப்படுவது நேரக் கணக்கும் காசுக் கணக்கும்.

முதலில் நேரம். எங்கள் ஊர்களில் அதிகம் நடப்பது அணிக்கு 6 பேர், 5 ஓவர் கொண்ட மென்பந்துப் போட்டி. ஹொங்கொங்கில் 1992இல் ஆரம்பித்த சிக்ஸஸ் போட்டியும் ஏறக்குறைய இந்த அமைப்புத்தான். 2024இல் அதை வென்றது இலங்கை அணி. ஒரு போட்டிக்கு 10 ஓவர். நாணயச் சுழற்சி, அணி மாறுவது எல்லாம் சேர்த்து 45 நிமிடம் ஒதுக்குங்கள். காலை 7.30க்குத் தொடங்கி மாலை 5.15க்கு முடிப்பதென்றால், ளுஹருக்கும் பகலுணவுக்கும் ஒரு மணித்தியாலம், அஸருக்கு 20 நிமிடம் கழித்து, ஒரு ஆடுகளத்தில் 11 போட்டிகள்தான் நடத்தலாம். வெளிச்சத்தைக் கடன் வாங்க முடியாது.

விலகல் முறையில் எத்தனை அணியோ அதில் ஒன்று குறைவுதான் போட்டிகள். ஆகவே 12 அணி என்றால் ஒரே நாளில் முடியும். ஆனால் வேன் பிடித்து அயலூரிலிருந்து வந்த அணி முக்கால் மணித்தியாலத்தில் தோற்றுத் திரும்பினால் அடுத்த வருடம் வராது. 12 அணியை மூன்று மூன்றாக நாலு குழுவாகப் பிரியுங்கள். குழுப் போட்டி 12, அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 15. சனிக்கிழமை பின்னேரம் 4, ஞாயிறு 11. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் கிடைக்கும். அயலூர்க் குழுக்களைச் சனிக்கிழமையில் போட்டு அவர்களை இரண்டு நாளும் அலைக்கழிக்காதீர்கள். கிழக்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனிக் காசு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அணிகளிடம் வாங்கிய நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து, அதிலேயே முதற்பரிசு, இரண்டாம் பரிசு கொடுத்து, மிஞ்சியதைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் காசு போட்டு, வென்றவன் அள்ளிக்கொண்டு போவது சூதின் அமைப்பு என்பதால் உலமாக்கள் இதைக் கண்டிக்கிறார்கள். போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் தன் சொந்தப் பணத்தில் பரிசு கொடுப்பதை அனுமதிப்போர் பலர். உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் அந்த முறை பிழையானது. 16 அணியை நம்பிப் பரிசை அறிவித்து 9 அணி மட்டும் வந்தால் கைநட்டம் உங்களுக்கு. நான் அறிந்த ஓர் ஊரில் இப்படித்தான் நடந்தது. இரண்டாம் இடம் வந்த அணிக்கு "அடுத்த கிழமை தாறோம்" என்றார்கள். அந்தக் கிழமை இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே நடந்த சுற்றுப்போட்டிக்கு அயலூர் அணி ஒன்றும் போகவில்லை.

ஆகவே இரண்டு பணப்பை வையுங்கள். கட்டணப் பையில் வருவது மைதான வாடகை, நடுவர், புள்ளி எழுதுபவர், பந்து, கூடாரம், தண்ணீர், முதலுதவி ஆகியவற்றுக்கு. அணிக்கு 5,000 ரூபா என்றால் 12 அணிக்கு 60,000. இந்தச் செலவுக்கு அது போதுமானதாக இருக்கும்படி கட்டணத்தைத் தீர்மானியுங்கள். 15 போட்டிக்கு இனிங்ஸுக்கு ஒன்றாக 30 பந்து. மதில் தாண்டிப் போவதற்கு இன்னும் 10.

பரிசும் உங்கள் இலாபமும் அனுசரணைப் பையிலிருந்து வரவேண்டும். உதாரணத்துக்கு, பிரதான அனுசரணையாளர் 100,000, எல்லைக்கோட்டுப் பெனர் பத்துக்குத் தலா 7,500 என்றால் 175,000. பணப்பரிசு 50,000மும் 25,000மும், கிண்ணம் பதக்கம் 20,000, பெனர் அச்சடிக்க 20,000. மீதி 60,000. சிற்றுண்டிக் கடையை நீங்களே நடத்தப் போகாமல் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால் அதுவும் சேரும். அனுசரணைப் பணம் முழுவதும் கைக்கு வரும்வரை பரிசுத்தொகையை அறிவிக்காதீர்கள்.

அனுசரணை கேட்டுப் போகும்போது உதவி கேட்பவராகப் போகாமல் விளம்பரம் விற்பவராகப் போங்கள். ஹாட்வெயார்க்காரருக்கு வேண்டியது "நன்றி" என்ற சொல்லல்ல. அவருடைய பெனர் முகநூல் நேரலையில் தெரியவேண்டும், ஒலிபெருக்கியில் கடைப்பெயர் ஒழுங்காகச் சொல்லப்படவேண்டும். ஒரே தொழில் செய்யும் இருவரை ஒரு போட்டியில் சேர்க்காதீர்கள். புகையிலை, மதுபானக் கம்பனிகள் விளையாட்டுக்கு அனுசரணை வழங்குவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. நம்மவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லை என்றாலும், அயலூர்க் கழகத்தோடு சேர்ந்து நடத்தும்போது கவனம் தேவை.

மைதானத்துக்கு உள்ளூராட்சி சபையிடமோ பாடசாலையிடமோ எழுத்தில் அனுமதி எடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். விதிகளை ஒரு தாளில் அச்சடித்து, அணித்தலைவரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள். ஒருவர் இரண்டு அணிக்கு விளையாடினால் என்ன, மழை வந்தால் என்ன, சமநிலை ஆனால் என்ன, பிந்தி வந்தால் எத்தனை நிமிடம் பொறுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மைதானத்தில் வரும் சண்டை அநேகமாக இந்த நாலில் ஒன்றைப் பற்றியதுதான். நடுவர்கள் போட்டியில் இல்லாத ஊரவர்களாக இருப்பது நல்லது.

முதல் வருடத்தில் இலாபத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்த 60,000இல் பாதியையாவது அடுத்த போட்டியின் முற்பணத்துக்கு ஒதுக்குங்கள். போட்டி முடிந்து ஒரு கிழமைக்குள் ஒவ்வொரு அனுசரணையாளரிடமும் நேரில் போய், பெனர் தெரியும் நாலு படங்களையும் வரவு செலவுத் தாளையும் கொடுங்கள். அடுத்த வருடத் திகதியையும் அப்போதே சொல்லிவிட்டு வாருங்கள்.