அடுப்படிக் கரி எங்கே ஒட்டுகிறது?

"எத்தனை தடவை தட்டினாலும் ஒட்டடை திரும்பவும் வந்துடுது" என்று லயத்துத் தாய்மார் சொல்வதை நாம் கேட்கிறோம். குறை அவர்களிடம் இல்லை. புகையை விடும் அடுப்பு ஒரு பக்கம், அந்தக் கரியைப் பிடித்து வைக்கும் சுவரும் கூரையும் மறுபக்கம்.

ஸ்டோரில் வேலை செய்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்கும் மெஷினில் பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உரசிக்கொண்டே சுற்றும். உரசும்போது மின்னேற்றம் உண்டாகி, இலேசான நார் எழும்பி உருளையில் ஒட்டிக்கொள்ளும். கனமான தேயிலை கீழேயே போய்விடும். அங்கே தூசு ஒட்ட வேண்டும் என்றே உருளையைச் செய்திருக்கிறார்கள். நம் அடுப்படியிலோ ஒட்டக் கூடாது, ஆனால் ஒட்டுவதற்குத் தோதாக இருக்கிறது.

சொரசொரப்பான சுவரின் குழிகளில் கரி போய் உட்கார்ந்துவிடும், துடைத்தாலும் வராது. அதையே வழவழப்பாகப் பூசியிருந்தால் ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போய்விடும். சுவரின் மேல்விளிம்பு தட்டையாக இருந்தால் தூசு படுக்கும். சீமெந்து வைத்துச் சரிவாக இழுத்துவிட்டால் அவ்வளவு தங்காது. சாக்குத் திரை இருக்கிறதே, அது கரிக்கு வீடு! தகரக் கூரையின் சங்கதி வேறு: சூடான புகையில் உள்ள கரி குளிர்ந்த பக்கத்தை நோக்கி நகரும். தகரத்தில் நீராவியும் வேர்த்து நிற்பதால் அங்கே பசை போலப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் சுவரில் ஒட்டிய கரியை விட, ஒட்டாததுதான் நமக்குப் பயம். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் சிறியவை. தலைமயிரின் தடிப்பே 50 மைக்ரோனுக்கு மேல். ஒரு மைக்ரோன் துகள் அசையாத காற்றில் ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் எடுக்கும். அதுவரை பிள்ளை அதைச் சுவாசிக்கிறது. அந்தத் துகள் நெஞ்சுக்குள் ஆழமாகப் போகும். எவ்வளவு நல்ல சுவரும் இதைப் பிடிக்காது, புகை வெளியே போகத்தான் வேண்டும்.

அதனால் புகைபோக்கியை நேராக, உட்புறம் வழவழப்பாகக் கட்டுங்கள். வளைவிலும் சொரசொரப்பிலும் கரி அடைத்து வழி குறுகினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். கரி தடித்தால் தீப்பிடிக்கவும் கூடும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு அதைச் சுரண்டி எடுங்கள். ஒட்டடை தட்டும்போது மூக்கில் துணி கட்டுங்கள், சின்னப் பிள்ளைகளை இஸ்தோப்புக்கு அனுப்பிவிடுங்கள். காய்ந்த விளக்குமாற்றால் அடித்தால் படிந்திருந்தது மறுபடி காற்றில் ஏறும். ஈரத்துணியை ஒரு கம்பில் சுற்றித் துடையுங்கள்.