கணினிச் சேமிப்பும் காவற் பிரதியும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களை மீண்டும் பெறலாயிற்று; தனிப் பிரதியாயிருந்த ஏடுகளோ மீளவில்லை. பதிவேடுகளைக் கணினியில் வைப்போர்க்கும் இதுவே பாடம்.

நாடோறும் முழுப் பிரதி எடுப்பின் இடம் போதாது. இடஞ்சுருக்கும் வழிகள் மூன்றுள.

முதலாவது, ஒருமுறை முழுப் பிரதி எடுத்து, பின்னர் மாறியவற்றை மட்டுஞ் சேர்த்தல். முழுப் பிரதி 100 கிகாபைற், நாளொன்றின் மாற்றம் 1 கிகாபைற் எனின், அதன்பின் 30 நாட் சென்றும் மொத்தம் 130 கிகாபைற்றே. நாடோறும் முழுப் பிரதி எடுத்திருப்பின் 3,100 ஆகும்.

இரண்டாவது, பலவிடத்தும் வரும் ஒரே பகுதியை ஒருமுறை மட்டும் வைத்தல்.

மூன்றாவது, செறித்து வைத்தல். எழுத்தாவணங்கள் நன்கு சுருங்கும். ஒளிப்படங்கள் பெரும்பாலும் முன்னரே சுருக்கப்பட்டவையாதலின் மேலும் அதிகஞ் சுருங்கா.

எனினும், சிக்கனத்திற்கும் எல்லையுண்டு. மாற்றப் பிரதிகள் சங்கிலி போன்றவை. ஒரு கண்ணி பழுதுற்றால் அதற்குப் பின்னுள்ளவை பயன்படா. ஆதலின் இடையிடையே புதிய முழுப் பிரதி எடுத்தல் வேண்டும். ஒரு பிரதியைக் கணினியினின்றும் பிரித்து, வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, பிரதியினின்று கோப்புகளை மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதியை நம்பியிருத்தல், திறந்து பாராத பெட்டகத்திற் பொன் உண்டென மகிழ்தலையொக்கும்.